வெள்ளெழுத்தும் ஒரு சிவப்புக் கோடும்

கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் வைத்தியர் சொன்னார். என் மனைவி அதை எனக்கு மறியல் தண்டனை என்று விளங்கிக்கொண்டாள். சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் சொல்லப்பட்ட விஷயங்கள் ஐந்து: குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, தலையில் தண்ணீர் வார்க்கக்கூடாது, மருந்தை நேரத்துக்கு விடவேண்டும். வாசிக்கலாமா என்று நான் கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சமா வாசிக்கலாம், கண்ணைக் களைக்க விடாதேங்கோ" என்றார் வைத்தியர். வாகனம் வட்டுக்கோட்டைக்கு வந்து சேர்வதற்குள் மனைவி அந்த வசனத்தின் முதற்பாதியை மறந்துவிட்டாள். இரண்டாம் பாதி மட்டும் வீட்டுக்குள் வந்து சட்டமாகியது.

பத்திரிகை அலுமாரிக்குள் போனது. பஞ்சாங்கம் போனது. மருந்துக் குப்பியில் ஒட்டியிருந்த துண்டை வாசிக்கப் பார்த்தேன், அதையும் கையிலிருந்து பறித்தாள். "இஞ்சருங்கோ, அதிலை என்ன கிடக்கு? எத்தினை துளி எண்டு எனக்குத் தெரியும்தானே" என்றாள். அறுபது வயதில், நல்ல சுயநினைவோடு, ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு, மின்விசிறி சுற்றுவதை மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நான் வாசித்துப் பிழைக்கிற ஆள். யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடமாகப் புறூவ் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகமுன் பிழை திருத்துகிறேன். கலியாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், எல்லாவற்றையும் விட அதிகமாகக் கல்வெட்டு. செத்தவரின் முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு இருப்பவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. செத்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், பிள்ளைகள் புலம்புவதாக யாரோ எழுதிக் கொடுத்த வெண்பா, கடைசியில் நன்றி நவிலல். சனம் வேறு எதை வாசிக்காவிட்டாலும் உறவு முறை எழுதியிருக்கும் பக்கத்தை வரி வரியாக வாசிக்கும். தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும்.

அந்தப் பக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. "காலஞ்சென்றவர்களான இன்னார், இன்னார் மற்றும் இன்னார் ஆகியோரின் அன்புச் சகோதரரும்" என்று வந்தால், 'மற்றும்' என்பதற்கு முன்னால் நிற்பவர்கள் செத்தவர்கள். பின்னால் நிற்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

போன வருடம் ஒரு கல்வெட்டில் அந்த 'மற்றும்' விடுபட்டுப் போய்விட்டது. செத்தவரின் தம்பி, நல்ல திடகாத்திரமான மனிதர், 'காலஞ்சென்றவர்கள்' பட்டியலில் சேர்ந்துவிட்டார். அந்தியேட்டிக்கு அடுத்தநாள் அவரே நேரில் அச்சகத்துக்கு வந்து முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று, "என்னை வடிவாப் பாருங்கோ" என்றார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனபிறகு, கணினியில் எழுத்துக் கோர்க்கிற பெண்ணை எல்லார் முன்னாலும் கண்டபடி பேசினேன். நாற்பது வயதுக்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய், பத்து வருடமாக எங்களோடு வேலை செய்கிறவள்.

"நான் அடிச்சனான் ஐயா" என்றாள்.

"அடிச்சிருந்தால் அது எங்கை போகும்? காகம் கொண்டு போனதோ?" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவள் விட்டிருந்தாலும் நான் பிடித்திருக்க வேண்டும், அதற்குத்தானே சம்பளம். அப்போதுதான் வாயில் அந்தச் சொல் வந்தது. "வெள்ளெழுத்து. இப்ப கிட்டக் கிடக்கிறது தெரியுதில்லை" என்றேன். பொய்யும் இல்லை. கண்ணாடியை மூன்று தரம் மாற்றியும், தாளைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து எழுத்தாக நின்றது. நீட்டுவதற்குக் கை போதாமல் வந்துகொண்டிருந்தது.

இந்தக் கதையை நான் சொன்னது என் மூத்த அக்காவிடம் மட்டும். உப தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். கோழி கிளறியது போன்ற கையெழுத்தில் வந்த விலாசங்களை எல்லாம் முப்பது வருடம் வாசித்துத் தள்ளியவரின் கண்ணில் இருந்து எந்தப் பிழையும் தப்பாது. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. நான் பார்த்து முடித்த புறூவ் தாள்களைக் கட்டாகக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பேன், பின்பக்கம் வெள்ளை என்பதால் கடைச் சாமான் துண்டு எழுதுவார். எழுதுகிற சாட்டில் முன்பக்கத்தையும் வாசித்துவிட்டு, நான் விட்ட பிழைகளைச் சிவப்புப் பேனையால் சுழித்து வைத்திருப்பார். எத்தனை தரம் கோபித்திருப்பேன். அச்சடித்து முடிந்த பிறகு பிழை காட்டுவதால் யாருக்கு என்ன பிரயோசனம்?

வெள்ளெழுத்தால் வந்த வினை என்று நான் சொன்னபோது அக்கா கையிலிருந்த சிவப்புப் பேனையை மூடி வைத்தார். பிறகு, "கண்ணைக் கொண்டுபோய்க் காட்டு. கண் சரிவரட்டும், மிச்சத்தைப் பேந்து கதைப்பம்" என்றார். நான் எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். "என்ரை கல்வெட்டிலை ஒரு பிழை விட்டாய் எண்டால் எழும்பி வருவன், தம்பி."

வைத்தியர் கண்ணைப் பார்த்துவிட்டு, புரையும் தொடங்கியிருக்கிறது, பழைய வில்லையை எடுத்துவிட்டுக் கிட்டவும் தூரவும் தெரிகிற புது வில்லை வைக்கலாம், ஒரு கண் முதலில், மற்றது பிறகு என்றார். நாள் குறித்துத் தந்தார். அந்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்த அக்கா எழும்பவில்லை.

சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடப் பார்த்தேன். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு வரவேண்டும், அதை நான்தான் பார்க்கவேண்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தால் யார் பார்ப்பது? மனைவி விடவில்லை. "அக்கா தானே போகச் சொன்னவ. விட்டால் பிறகு எப்ப நாள் கிடைக்கும்?" என்றாள். அத்தானும், அதாவது அக்காவின் கணவரும், அதையே சொன்னார். செத்தவீட்டில் இருப்பவர் சொன்னதைத் தட்ட முடியவில்லை.

ஆகவே படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் ஒருவர் இருவரல்ல. அக்காவின் சாவை விசாரிக்க வந்தவர்களும் என் கண்ணை விசாரிக்க வந்தவர்களும் ஒரே ஆட்கள்தான். பிஸ்கற் பெட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து, அக்காவை நினைத்து ஒரு பாட்டம் அழுவார்கள். என் முகம் கோணுவதைக் கண்டதும், "ஐயோ, நீங்கள் அழாதேங்கோ, கண்ணீர் பட்டால் கண் பழுதாப் போடும்" என்பார்கள். அக்கா எனக்கா அவர்களுக்கா? அழுகிற உரிமை அவர்களுக்கு, படுத்திருந்து பார்க்கிற கடமை எனக்கு. ஒருவர் தன் மச்சானுக்குத் தும்மும்போது வில்லை நழுவிப் போன கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு நாள் தும்மல் வரும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சுமுட்டிக் கிடந்தேன்.

சாப்பாட்டைச் சொல்லி வேலையில்லை. கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி, எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து மீன் சமைக்கலாம் என்றான பிறகும் இறால் கிரந்தி, நண்டு கிரந்தி. புண் இருக்கிற உடம்புக்குக் கிரந்திச் சாப்பாடு ஆகாது என்பது சரி, ஆனால் புண் கண்ணில், அதுவும் எறும்பு கடித்த அளவில். மனைவி மல்லியும் மிளகும் உள்ளியும் அரைத்துச் சரக்குக் கறி வைத்தாள், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற அதே கறி. பத்து நாள் சாப்பிட்டேன். பிள்ளைதான் இல்லை.

ஒரு நன்மை மட்டும் நடந்தது. வெறுத்துப்போய்க் கத்தியதில், மனைவி பின்னேரங்களில் பத்திரிகையைத் தானே வாசித்துக் காட்டச் சம்மதித்தாள். அதுவும் நீண்டநாள் நிலைக்கவில்லை. "அரச மற்றும் தனியார் ஊழியர்கள்" என்று தொடங்குவாள். எனக்கு 'மற்றும்' என்ற சொல்லைக் கேட்டால் உடம்பெல்லாம் எரியும். அரிசியும் பருப்பும் என்று சொல்ல நம்மிடம் ஓர் 'உம்' இருக்கும்போது, அரிசி மற்றும் பருப்பு என்று எழுதுகிறவனை என்ன செய்வது? முப்பத்தொரு வருடமாகக் கண்ட இடத்தில் எல்லாம் வெட்டிக்கொண்டு வருகிறேன்.

"உந்தச் சொல்லை விட்டிட்டு வாசியும்" என்பேன்.

"போட்டிருக்கிறதைத்தானே வாசிக்கிறன்" என்பாள்.

"போட்டவனுக்குத் தமிழ் தெரியாது. நீர் விட்டிட்டு வாசியும்."

மூன்றாம் நாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். இந்தச் சொல்லுக்காக அக்காவும் என்னோடு சண்டை பிடித்திருக்கிறார். தேவைப்படுகிற இடமும் இருக்கும், பார்த்து வெட்டு என்பார். நான் கேட்டதில்லை.

பத்தாம் நாள் அத்தான் அக்காவின் கல்வெட்டுப் புறூவைக் கொண்டுவந்தார். மனைவி அதை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். "நான் வாசிக்கிறன், நீங்கள் பிழையைச் சொல்லுங்கோ" என்றாள். என் உயிரை வாங்குவதற்கு அதைவிட நல்ல வழி கிடைத்திராது. 'ந' எது 'ன' எது என்று காதால் எப்படிப் பிடிப்பது? 'அன்புச் சகோதரி' என்று வாசித்தால், நடுவில் 'ச்' இருக்கிறதா, வாசிக்கிறவள் தன் பாட்டில் போடுகிறாளா? "ஒற்று இருக்கோ?" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்டேன். இரண்டு பக்கத்துக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "அச்சகத்திலை வேறை ஆக்கள் பாப்பினம்" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

வேறு ஆட்கள். என் அக்காவின் கல்வெட்டை.

எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்குக் கொள்ளிக்குடம் தூக்குகிற முறை எனக்கில்லை, அழவும் விடவில்லை. அவருக்காக என்னால் ஒழுங்காகச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், பிழை இல்லாத பதினாறு பக்கம். அதையும் பூட்டி வைத்தால் என்ன மனிதன் நான்?

வெள்ளிக்கிழமை காலை மனைவி கோயிலுக்குப் போனாள். அலுமாரித் திறப்புச் சாவி அரிசி வாளிக்குள் இருக்கும் என்பது முப்பத்திரண்டு வருடக் கலியாணத்தில் எனக்குத் தெரியாத விஷயமல்ல. தாளை எடுத்து யன்னலடியில் இருந்து, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, மற்றக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

எழுத்து அப்படியே எழும்பி வந்தது. கண்ணாடி இல்லை, கை நீட்டவில்லை. புத்தகம் பிடிக்கிற தூரத்தில், ஒவ்வொரு எழுத்தும் கறுப்பாக, தனித்தனியாக, புள்ளிகள் புள்ளிகளாக. பதினைந்து வருடமாக நான் இதைப் பார்க்கவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், அந்த வைத்தியரை மனதுக்குள் கும்பிட்டேன். சிவப்புப் பேனையை எடுத்து முதற்பக்கத்தில் இருந்து தொடங்கினேன். விடுபட்ட ஒற்று, தேவாரத்தில் தவறிய சீர், அக்கா வேலை செய்த ஊரின் பெயரில் ஒரு எழுத்து. ஒவ்வொன்றாகப் பிடித்தேன். உறவுப் பக்கத்தில் அண்ணையின் பெயரும் சின்னக்காவின் பெயரும் காலஞ்சென்றவர்களாக நின்றன. இருவரும் போய்ப் பல வருடம். இப்போது மூத்தக்காவும் போய்விட்டதால் நாலு பேரில் நான் ஒருவன் மிச்சம் என்பது அந்த வரியில்தான் எனக்கு உறைத்தது. கண் கலங்கிக்கொண்டு வந்தது. கண்ணீர் வரக்கூடாதே என்று முகத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். கையோ பழகிய கை, அது தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது.

மூன்று தரம் வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மனைவி வந்ததும் என் விரலில் சிவப்பு மையைக் கண்டுபிடித்து ஒரு மணித்தியாலம் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

முப்பத்தோராம் நாள் விடியக் கீரிமலைக்குப் போனோம். கிரியை முடிந்து எல்லாரும் கேணியில் இறங்கி முழுகினார்கள். நான் கறுப்புக் கண்ணாடியோடு படிக்கட்டில் நின்றேன். மனைவி ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுத்துக்குக் கீழே வார்த்தாள். கூடப்பிறந்தவளுக்கு ஒரு முழுக்குக் கூடப் போட முடியாத கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் கல்வெட்டு இருக்கிறது, அது சரியாக இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மத்தியானம் அக்கா வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கல்வெட்டைக் கையில் வைத்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் புத்தகத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு கிட்ட வந்தார்.

"நீர் இருக்கிறீர்தானே?" என்றார்.

"ஓம், இருக்கிறன். ஏன்?"

புத்தகத்தை விரித்துக் காட்டினார். காலஞ்சென்றவர்களான அண்ணையின் பெயர், ஒரு காற்புள்ளி, சின்னக்காவின் பெயர், ஒரு வெற்றிடம், என் பெயர்.

இருநூறு பிரதி, எல்லார் கையிலும். நான் கத்தத் தொடங்கினேன். எழுத்துக் கோர்ப்பவளைப் பற்றி, அவளுடைய கவனத்தைப் பற்றி, இரண்டாம் தரமும் அதே பிழை என்று. அச்சகத்தார் எல்லாரும் அன்று சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள் என்பது நினைவில் இல்லை. அவள் கை கழுவிவிட்டு எனக்குப் பின்னால் நின்றாள். கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்து நீட்டினாள்.

"ஐயா, இது உங்கடை சிவப்புத்தானே."

சின்னக்காவின் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் 'மற்றும்' இருந்தது. அதன் மேல் நேரான ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் நான் போடுகிற நீக்கற் குறி. புதுக் கண்ணுக்கு அது மிகவும் வடிவாகத் தெரிந்தது.

"அண்டைக்கும் நீங்கள்தான் வெட்டினது. அந்தத் தாள் என்னட்டை இல்லை. அதுக்குப் பிறகு எல்லாத்தையும் எடுத்து வைக்கிறனான்" என்றாள்.

"பிழை என்னிலைதான், பிள்ளை. உம்மைப் பேசினதும் பிழை" என்றேன். இவ்வளவு பேருக்கு முன்னால் பேசியவன் இவ்வளவு பேருக்கு முன்னாலேயே சொல்லவேண்டியிருந்தது. அவள் "ஓம்" என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மாதத்தில் முதற்தடவையாக அவருடைய வாய் கொஞ்சம் சிரித்தது. உள்ளே போய், அக்காவின் அலுமாரியில் இருந்து ஒரு கடைச் சாமான் துண்டைக் கொண்டுவந்து தந்தார். பாசிப்பயறு, நல்லெண்ணெய், சவர்க்காரம் என்று அக்காவின் கையெழுத்தில் இருந்தது. திருப்பினேன். போன வருடத்துக் கல்வெட்டின் புறூவ். அதே வரி, அதே கோடு.

"உந்தப் பிழையை அவ அப்பவே கண்டவ" என்றார் அத்தான். "கேட்டனான், ஏன் தம்பிக்குக் காட்டேல்லை எண்டு. இப்ப காட்டினால், கண்ணிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லி ஒப்பிறேசனுக்குப் போகமாட்டான், உள்ள பார்வையும் போயிடும் எண்டவ. கண் சரிவந்த பிறகு தான் குடுக்கிறன் எண்டு எடுத்து வச்சவ."

கோட்டுக்குக் கீழே, வரிக்கும் வரிக்கும் இடையில், அக்கா சிவப்பில் ஏதோ எழுதியிருந்தார். தபால் கந்தோர்க் கையெழுத்து, பொடி எழுத்து. போன மாதம் தந்திருந்தால் எத்தனை கண்ணாடி போட்டும் நான் வாசித்திருக்கமாட்டேன். இப்போது கிட்டப் பிடித்து வாசித்தேன். 'இது கண் இல்லை, தம்பி. கை.'

மிச்சத்தைப் பேந்து கதைப்பம் என்றது இதைத்தான். ஒரு பிழை விட்டால் எழும்பி வருவேன் என்றும் சொன்னவர். நான் விட்டுவிட்டேன். அவர் இருந்த கதிரையைப் பார்த்தேன், அதில் யாரோ சாப்பாட்டுக்கு வந்தவரின் பை இருந்தது.

மருந்து விடுகிற நேரமாகிவிட்டது. மனைவி குப்பியோடு வந்து என் முகத்தை நிமிர்த்தினாள். கண் நிறையத் தண்ணீர் நின்றது, ஒரு துளி விட இடமில்லை. குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அன்றைக்கு மட்டும் அழக்கூடாது என்று சொல்லவில்லை.